ரிக்கார்டு ரூமில் ஒரு நமஸ்காரம்

மாட்டுங்கா ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினால் போரிபந்தர் போய்ச் சேரும்வரை நான் நின்றுகொண்டுதான் வருவேன். எதிரே பெஞ்சில் இடம் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. பம்பாயில் இது யாரும் லேசில் மன்னிக்கிற காரியம் அல்ல. இந்த ஊர் ஜனங்கள் ரயிலில் ஒண்டிக்கொள்ள ஒரு சாண் இடத்துக்காகக் குடையால் இடித்துக்கொள்வார்கள். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒருவன் காலி இடத்தைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாருக்குப் பொறுக்கும்? தினமும் அதே பெட்டியில் வரும் குஜராத்திக்காரர் ஒருவர், துணிக்கடை வைத்திருப்பவர், முதலில் கொஞ்ச நாள் "பைட்டோ, பைட்டோ" என்று நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்தார். நான் கையைக் கூப்பி வேண்டாம் என்றேன். ஒரு நாள் அவர் பக்கத்து ஆளிடம் என் நெற்றியைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அதன் சாரம் புரிந்தது. இந்த மதராஸிக்கு ஏதோ விரதம், ஸ்நானம் பண்ணி விபூதி இட்டுக்கொண்டபின் பிறர் உட்கார்ந்த பலகையில் உட்காரமாட்டான் என்கிறார். அன்றுமுதல் அவர் என்னை உட்காரச் சொல்வதில்லை. பாதி மரியாதையும் பாதிக் கோபமுமாக ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

எனக்கு விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுகு வலி. ஆபீசில் போய் நாள் முழுவதும் உட்காரப் போகிறோமே, அதுவரையாவது நிற்கலாம் என்று நிற்கிறேன். இதை அவருக்குச் சொல்லப் பாஷை போதவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாரோ என்னவோ. நெற்றியில் மூன்று கோடு இருந்துவிட்டால், நாம் தும்மினால்கூட அதற்கு ஒரு மந்திரம் உண்டு என்று இந்த ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இந்த நினைப்பினால்தான் என் முதுகு பிழைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன்.

ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டு. என் படிப்பு ஸ்கூல் பைனலோடு நின்றது. அதிலும் கணக்குப் பரீட்சை கைவிட்டது. கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, மாட்டுங்காவில் ஏற்கெனவே குடியிருந்த ஒரு பந்துவின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவன். என் தகப்பனார் ஒரு சத்திரத்தில் கணக்கு எழுதினார். தரையில் கோரைப் பாய், முன்னால் சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி, அவ்வளவுதான் அவர் ஆபீஸ். ஆனால் அங்கே அவர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வழிப்போக்கர் யாராவது வந்தால் எழுந்திருப்பார். உள்ளே அரிசி அளக்க எழுந்திருப்பார். சத்திரத்துக் கிணற்றில் கயிறு அறுந்துவிட்டது என்றால் அதற்கும் அவரே எழுந்திருப்பார். எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றமாட்டார். கால் இரண்டையும் மடக்கியபடியே விசுக்கென்று நின்றுவிடுவார். கடைசி வருஷம்வரை அப்படித்தான்.

அந்தச் சத்திரத்தில் நாற்காலி கிடையாது. தாலுகா ஆபீசிலிருந்து யாராவது தணிக்கைக்கு வந்தால் பக்கத்துத் தெரு மிராசுதார் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் சுமந்து கொண்டுவருவார்கள். வந்தவர் அதில் உட்கார, என் தகப்பனார் தூணோரம் நிற்பார். அதனால்தானோ என்னவோ, எனக்குப் பம்பாயில் வேலையான செய்தி வந்ததும் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "என் பிள்ளைக்கு நாற்காலி உத்தியோகம்" என்றுதான் சொன்னாராம். கம்பெனி பேரையோ சம்பளத்தையோ சொல்லவில்லை. நான் லீவில் போயிருந்தபோது, "முதுகு சாய்ச்சுக்கறாப்பல இருக்குமோடா அது?" என்று கேட்டார். "இருக்கும் அப்பா" என்றேன். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டார்.

சாய்ந்துகொள்கிறாப்போலத்தான் இருக்கிறது. சாய்ந்துகொண்டால் டைப் அடிக்க முடியாது. அவ்வளவுதான் சங்கதி. யுத்தம் வந்தபிறகு எங்கள் ஆபீசில் வேலை இரட்டித்துவிட்டது. ஆட்கள் சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள், அவர்கள் காகிதங்களும் எங்கள் மேஜைக்கு வந்தன. ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று, பகலிலும் விளக்கு. மெஷினுக்கு முன் கூனிக்கொண்டு உட்கார்ந்தால் டிபன் நேரத்தில்தான் எழுந்திருக்கலாம். நடுவில் எழுந்தால் சூப்பரின்டெண்டு ருஸ்தம்ஜி தம் மேஜையிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர் பார்ஸிக்காரர். தலையில் எப்போதும் கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கோட்டு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பார்வையே போதும், உடம்பு தானாக உட்கார்ந்துவிடும்.

இப்படியே இரண்டொரு வருஷம் ஓடியதில் இடுப்புக்கு மேலே ஒரு கையகல இடம் எனக்குச் சொந்தமில்லை போலாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். தைலம் தேய்ப்பாள். "முன்னெல்லாம் உங்க மேலே சந்தன வாசனை வரும், இப்போ வைத்தியசாலை வாசனை வரது" என்பாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தகப்பனாரின் திதியன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாசி மாதம் அவர் திதி வரும். நான் ஒரே பிள்ளை. எனக்குப் பதில் செய்ய அண்ணன் தம்பி இல்லை. மாட்டுங்காவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே சிராத்தம் பண்ணுவது எளிதல்ல. ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் மூட்டை முடிச்செல்லாம் மேலே ஏற்றி, குழந்தைகளை அடுத்த வீட்டில் விட்டு, இடம் மெழுகி, ரேஷன் அரிசியில் நல்லதாகப் பொறுக்கி வைத்து, ஆபீசில் லீவு சொல்லி எல்லாம் ஆக வேண்டும். அந்த வருஷம் எல்லாம் ஆயிற்று. காலையிலிருந்து பலகையில் உட்கார்ந்து சிரத்தையாகச் செய்துகொண்டு வந்தேன். கடைசியில் பிராம்மணர்களுக்கு நமஸ்காரம் பண்ணத் தரையில் விழுந்தேன். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. சாப்பிட்டுக் கை அலம்பியிருந்த அந்த இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். பித்ருக்களாகப் பாவித்து அன்னமிட்டவர்களே என்னைச் சுமக்கும்படி ஆயிற்று. சமையலறை வாசலில் என் சம்சாரம் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

சிராத்தம் பண்ணிவைத்த வாத்தியார் நல்லவர், வேடிக்கையாகப் பேசக்கூடியவர். "அடுத்த வருஷம் நாற்காலி போட்டுக்கும் ஓய். உடம்புக்கு முடியாதவாளுக்கு சாஸ்திரம் இடம் கொடுக்கறது. அதுவும் பம்பாய்க்குன்னு தனியா ஒரு சாஸ்திரமே இருக்கு, தெரியுமோ?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சில் அது முள்ளாகத் தங்கிவிட்டது. தூணோரம் நின்ற மனிதருக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்து பிண்டம் போடுவதா? அவர் பெருமையாகச் சொன்ன நாற்காலி உத்தியோகமே அவருக்கு நான் தரையில் உட்கார்ந்து செய்வதைக் கெடுத்துவிட்டதே என்று வருஷம் முழுக்க மனசு அரித்தது. அடுத்த திதிக்கு நானே உட்கார்ந்து, நானே விழுந்து, நானே எழுந்திருக்க வேண்டும். ராமனிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் பேட்டையில் நம்மவர் டாக்டர் ஒருவர் இருக்கிறார். முதுகை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உமக்கு வியாதி இல்லை ஓய், உம்ம நாற்காலிக்குத்தான் வியாதி" என்றார். கட்டிலை விட்டுத் தரையில் படுக்கச் சொன்னார். மணிக்கொரு தரம் எழுந்து பத்தடி நடக்கச் சொன்னார். மத்தியானம் சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் தரையில் குப்புறப் படுத்து, கையிரண்டையும் தலைக்கு மேல் நீட்டி, பிறகு மெதுவாக நெஞ்சைத் தூக்கி இறக்கச் சொன்னார். "வலி ஜாஸ்தியானால் விட்டுடும், நொந்துகொண்டு பண்ணவேண்டாம்" என்றும் சொன்னார். தரையில் படுப்பது வீட்டுக் காரியம், அன்றைக்கே ஆரம்பித்தேன். ஆபீசில் மணிக்கொரு தரம் எழுந்திருப்பதாவது? மத்தியானப் படுக்கைக்குத்தான் ஒரு வழி தெரிந்தது. எங்கள் ஆபீசின் பின்பக்கம் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கும் ரிக்கார்டு ரூம் இருக்கிறது. டிபன் நேரத்தில் அங்கே யாரும் வரமாட்டார்கள். இரண்டு பக்கமும் உத்தரம்வரை அலமாரி. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, துண்டை விரித்து, அந்தக் கல் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். எலும்பெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தாற்போல் இருந்தது.

சில நாள் இப்படி நிம்மதியாகப் போயிற்று. ஒரு மத்தியானம் கதவு திறந்த சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினால் என் முகத்துக்கு அருகே பளபளவென்று மெருகேற்றிய இரண்டு பூட்ஸ். ருஸ்தம்ஜியின் பூட்ஸ். உத்தியோகம் போயிற்று என்றே நினைத்தேன். பூட்ஸ் இரண்டும் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தன. கதவு, குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோல், மெதுவாகச் சாத்தப்பட்டது.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். "மிஸ்டர் ஐயர், நீ தினமும் பிரார்த்தனை செய்கிற ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றார். பாதி இங்கிலீஷ், பாதி அவர்கள் பேசுகிற ஹிந்தி. "நோ சார். வலி சார்" என்றேன். முதுகைத் தொட்டும் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "வலி யாருக்கு இல்லை, பாபா? அதனால்தானே பிரார்த்தனை செய்கிறோம்" என்றார். அதற்கு மேல் என்னிடம் பாஷை இல்லை. மறுநாள் போனால் ரிக்கார்டு ரூம் தரை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. வெளியே எங்கள் ஆபீஸ் சிப்பாய் கண்பத் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். "போங்கள் பட்ஜி, யாரையும் உள்ளே விடமாட்டேன், ருஸ்தம்ஜி துரை உத்தரவு" என்றான். பட்ஜி என்றால் மராத்தியில் பூஜை பண்ணிவைக்கிற புரோகிதர். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு அதுவே பேராகிவிட்டது.

வீட்டில் வந்து சொன்னேன். என் சம்சாரம் அடுப்படியில் உட்கார்ந்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "முதுகு வலிக்குப் படுத்தவரைப் பிரஹலாதன் ஆக்கிட்டாளே" என்றாள். சிரித்து முடித்தபின், "ஆனாக்க ஒண்ணு. அந்த மனுஷர் நம்பறது பொய்யாப் போயிடப்படாது. படுத்துண்டு இருக்கச்சே ராமா ராமான்னு சொல்லுங்கோளேன். முதுகுதானே வலிக்கறது, வாயுமா வலிக்கறது?" என்றாள். நியாயமாகப் பட்டது. மறுநாள்முதல் நெஞ்சைத் தூக்கும்போது ஒரு ராமா, இறக்கும்போது ஒரு ராமா.

இது இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். ஒரு நாள் ருஸ்தம்ஜி என் மேஜையருகே வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, "உன்னிடம் ஒன்று கேட்கலாமா?" என்றார். அவர் பிள்ளை ஹோமி கப்பலில் இஞ்சினீயராம். கப்பல் எங்கே போகிறது என்று யுத்த காலத்தில் யாரும் சொல்வதில்லை. தகவல் வந்து வெகு நாளாயிற்றாம். "நான் எங்கள் அக்கினிக் கோயிலில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ தரையில் விழுந்து கேட்கிறாய். அப்படி விழுந்து கேட்க எங்களுக்கு வழக்கம் இல்லை. என் டிக்ராவின் பேரையும் சேர்த்துச் சொல்லேன்" என்றார். டிக்ரா என்றால் அவர்கள் பாஷையில் பிள்ளை.

ஒருவர் தம் பிள்ளை உயிரைக் கொண்டுவந்து என் முதுகு வலியின்மேல் வைக்கிறாரே. இனிச் சும்மா இருக்கக்கூடாது என்று, தெரிந்த வார்த்தைகளையெல்லாம் திரட்டிச் சொல்லிவிட்டேன். இது டாக்டர் சொன்ன சிகிச்சை, உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது, மணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டுமாம், அது முடியாததால் மத்தியானம் படுக்கிறேன், தகப்பனார் திதிக்குள் சரியாக வேண்டும் என்று எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் டாக்டரே உன்னைப் பிரார்த்தனைக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல டாக்டர்" என்றார். "தகப்பனாருக்காகவா? நாங்களும் செத்தவர்களுக்காக நாள் வைத்து வீட்டைத் துடைத்துப் பூ வைப்போம். மணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டுமென்றால் எழுந்து போயேன். கடவுள் காரியத்துக்கு நானா குறுக்கே நிற்பேன்?" என்றார்.

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? நான் மணிக்கொரு தரம் எழுந்து வராந்தாவில் நடந்தேன். நடக்கும்போது, தூரத்தில் கப்பல்துறைப் பக்கம் கொக்கி போட்ட பாரந்தூக்கிகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டேன். மத்தியானம் படுத்தால் ராமனோடு ஹோமியும் வந்தான். முகம் தெரியாத பையன். அவனை மனசில் நிறுத்தப் பார்த்தால் ஒரு கறுப்புத் தொப்பிதான் வரும். பிழைப்புக்காகக் கடல்மேல் போயிருக்கிறவன். நானும் பிழைப்புக்காக வந்தவன்தானே என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக என் இடுப்பில் அந்தக் கையகல இடம் எனக்குத் திரும்பி வந்தது. முழுக்க வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

மாசி பிறந்தது. திதியும் வந்தது. வாத்தியார் வந்ததும் வராததுமாக அறையைச் சுற்றிப் பார்த்து, "நாற்காலி எங்கே ஓய்?" என்றார். "பலகை போதும் மாமா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் தர்ப்பைப் பவித்திரத்தைக் கொடுத்தார். பூணூலை இடம் மாற்றிக்கொண்டு, தெற்கு முகமாக உட்கார்ந்தேன். ஹோமப் புகை அந்தச் சின்ன அறையில் சுற்றிச் சுற்றி வந்தது. நேரம் போகப் போக இடுப்பு முனக ஆரம்பித்தது, ஆனால் கூச்சலிடவில்லை. பிராம்மணர்கள் சாப்பிட்டார்கள். பிண்டம் வைத்தேன். நமஸ்கார நேரம் வந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

விழுந்தேன். நெற்றி தரையில் பட்டதும், தினமும் பழகின வாய், நான் நினைப்பதற்கு முன்னால் தானாகவே சொல்லிவிட்டது: "ராமா, ஹோமியைக் கரை சேர்த்துடு."

"யார் ஓய் அது?" என்றார் வாத்தியார். "நான் சொன்ன பேர்களிலே அப்படி ஒருத்தர் இல்லையே."

இறந்தவர்களுக்குச் செய்கிற இடத்தில் உயிரோடிருக்கிற பிள்ளையின் பேரைச் சொல்லிவிட்டேனே, அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். படுத்தபடியே, "எங்க சூப்பரின்டெண்டு பிள்ளை, மாமா. கப்பல்லே போயிருக்கான். தகவல் இல்லை. தப்பாப் போச்சோ?" என்றேன்.

வாத்தியார் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "இந்த நமஸ்காரமே ஆசீர்வாதம் கேக்கத்தான் பண்றது. பிள்ளைகுட்டி நன்னா இருக்கணும்னு கேக்கற இடம் இது. யார் பிள்ளைன்னு பித்ருக்கள் விசாரிக்கப் போறதில்லை. எழுந்திரும், நாழியாறது" என்றார்.

எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் எழுந்துவிட்டது தெரிந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தேன். என் தகப்பனார் மாதிரி இல்லை. ஆனால் யாரும் தூக்கவில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

மறுநாள் ருஸ்தம்ஜி, "தகப்பனார் காரியம் நன்றாக நடந்ததா?" என்று கேட்டார். நடந்தது என்றேன். "ஹோமியின் பேரை அங்கேயும் சொன்னேன் சார்" என்றேன். அவர் தொப்பியை ஒரு தரம் தொட்டுச் சரிசெய்துகொண்டார். "உன் தகப்பனாருக்குக் கப்பலைப் பற்றித் தெரியுமா?" என்றார். "கடலையே பார்த்ததில்லை சார். சத்திரத்தில் இருந்தார். வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, பத்திரமாக அனுப்பிவைப்பது அவர் வேலை" என்றேன். இதை மட்டும் எப்படியோ அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டேன். அவர் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை மெதுவாக மூடிவைத்தார்.

இன்றுவரை ஹோமியிடமிருந்து தகவல் வரவில்லை. வராமலும் போகாது என்று இருவரும் இருக்கிறோம். நான் ரயிலில் நின்றுகொண்டே வருகிறேன். குஜராத்திக்காரர் இன்னும் என்னைத் தவசி என்றுதான் நினைக்கிறார். மத்தியானம் கண்பத் கதவைச் சாத்துகிறான். அந்த ரூமின் அமைப்பு அப்படி, படுத்தால் தலை தெற்கேதான் வரும். நமஸ்காரத்துக்கு அது உகந்த திசை இல்லையே என்று ஆரம்பத்தில் மனசு உறுத்தியது. இப்போது உறுத்துவதில்லை. பித்ருக்களின் திசை அது. ஊரும் அந்தப் பக்கம்தான். கால் நீட்டிய வடக்கே மாட்டுங்கா, என் சம்சாரம், குழந்தைகள், அவர்களுக்கு நான் தேடுகிற சோறு. அங்கே ஒரு முனையும் இங்கே ஒரு முனையுமாக, கல் தரையில் இழுத்துக் கட்டினாற்போல் கிடக்கிறேன். நடுவில் என் முதுகு. இப்போதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.